வட்ட முள்ளா, வழக்கமான முள்ளா?

(யூபிலி ஆண்டையொட்டி நடந்த இளையோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டுக் கூட்டத்தில் பங்குச் சாமியார் தூண்டில் முள்ளைப் பற்றிப் பேசப்போகிறார் என்று அறிவிப்பு வந்ததும் பலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிரித்ததில் தவறில்லை. இந்தத் தலைப்பை நாம் தேடிக்கொண்டு போகவில்லை. இளையோர் மன்றத்தில் இரண்டு மாதமாக நடந்து வந்த ஒரு வழக்கு கடைசியில் அறைவீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. தீர்ப்புச் சொல்லும்படி நம்மைப் பிடித்துக்கொண்டார்கள்.

வழக்கு இதுதான். நாம் அறிந்த தூண்டில் முள்ளோடு, முனை உள்பக்கமாக வளைந்து ஏறக்குறைய ஒரு சிறு வளையம் போலிருக்கும் முள்ளும் இப்போது கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி வந்த இளைஞர்கள், "இதுதான் நல்ல முள்ளு சாமி, மீன் வாயிலதான் மாட்டும், சின்னதை உயிரோட விட்டுரலாம்" என்கிறார்கள். இலங்கைத் தோட்டத்து ஓடைகளில் தூண்டில் போட்டுப் பழகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி இங்கே குடியேறிய குடும்பத்துப் பெரியவர்கள், "அதுல மீனே நிக்காது சாமி, காசுக்குத்தான் கேடு" என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் உண்மை இருப்பதால்தான் வழக்கு இத்தனை நாள் நீண்டது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். வழக்கமான முள் ஆங்கில எழுத்து 'ஜே' போன்ற உருவம் உடையது. அதன் முனை தண்டுக்கு இணையாக மேல்நோக்கி நிற்கும். எதில் பட்டாலும் உடனே குத்தும்படி செய்யப்பட்டது அது. மீன் இரையைக் கவ்வியதும் நாம் சுண்டி இழுக்கிறோம், முனை ஏறிவிடுகிறது. சுண்டுகிற கணம் சரியாக அமைந்தால் உதட்டில் ஏறும். தாமதமானால் மீன் இரையை விழுங்கியிருக்கும். அப்போது முள் தொண்டையிலோ இரைப்பையிலோ செவுளிலோ ஏறும். மீனின் இருதயம் தொண்டைக்குக் கீழே, செவுளை ஒட்டியே இருக்கிறது. ஆகையால் உள்ளே ஏறிய முள் பெரும்பாலும் கொல்லும் முள்ளாகிவிடுகிறது.

வட்ட முள்ளின் முனை தண்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. தொண்டைச் சதையில் உரசினாலும் அது எளிதில் குத்துவதில்லை. மீன் விழுங்கிவிட்டு நகரும்போது நரம்பு இறுகும். முள் தொண்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வாயின் ஓரத்துக்கு வந்ததும் அங்கே திரும்பித் தாடையின் மூலையைப் பிடித்துக்கொள்ளும். இதோ, இந்த அட்டைக் குழாயைப் பாருங்கள். வழக்கமான முள்ளை உள்ளே விட்டு நூலை இழுத்தால் குழாயின் உட்சுவரிலேயே குத்தி நின்றுவிடுகிறது. வட்ட முள்ளை மெதுவாக இழுத்தால் உள்ளே எங்கும் பிடிக்காமல் வந்து, குழாயின் விளிம்பில் கவ்விக்கொள்கிறது. இதே முள்ளை வெடுக்கென்று இழுத்தால்? பார்த்தீர்களா, குழாயும் இல்லை, மீனும் இல்லை. நம் பெரியவர்களின் புகார் முழுவதும் இந்த ஒரு வெடுக்கில் அடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் குருமடத்துப் பழக்கத்தால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நற்செய்தி நூல்களில் மீன் பிடிக்கிற செய்தி வரும் இடமெல்லாம் வலைதான் வருகிறது. தூண்டில் வருவது ஒரே ஓர் இடத்தில்: மத்தேயு 17ஆம் அதிகாரத்தில், கோவில் வரி கொடுப்பதற்காக இராயப்பரைத் தூண்டில் போட அனுப்பும் இடத்தில். தூண்டில் முள்ளைக் குறிக்கும் 'அங்கிஸ்திரோன்' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் அங்கே மட்டுமே வருகிறது. காசு இருந்ததோ மீனின் வாயில். இராயப்பர் போட்டது எந்த வகை முள் என்று மத்தேயு எழுதவில்லை. வட்ட முள் கட்சியார் இதைத் தங்களுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தேவாலாவில் தூண்டில் போடுகிறவனுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. கெளுத்தியும் விலாங்கும் இரவில்தான் இரை தேடும். இரவிலோ ஓடைக்கரை யானைக்குச் சொந்தம். ஆகவே அந்தி சாய்வதற்குள் நரம்பைக் கரையிலுள்ள வேரில் கட்டி, முள்ளில் தவளையையோ மண்புழுக் கொத்தையோ குத்தித் தண்ணீரில் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். காலையில் போய்ப் பார்க்கிறோம். இரவு முழுவதும் அந்த நரம்பின் மறுமுனையில் ஆள் இல்லை; சுண்டுவதற்குக் கை இல்லை. மீன் அவசரமில்லாமல் விழுங்கியிருக்கும். வழக்கமான முள்ளானால் விடியும்போது பாதி மீன்கள் செத்து விறைத்திருக்கும். கையளவு குஞ்சானாலும் திருப்பி விடுவதில் பயனில்லை. மழைக்காலத்தில் முதல் வெள்ளத்தோடு முட்டையிட மேலேறி வரும் மீன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலைக்குக் கீழே கேரளத்தில் அந்த ஏற்றத்தை 'ஊத்த' என்கிறார்கள். அப்போது மீன் பிடிப்பதை அங்கே சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். வயிறு நிறைய முட்டையோடு ஒரு கெளுத்தி நம் இராத்தூண்டிலில் மாட்டினால், அதை விட்டுவிட நமக்கு மனமிருந்தாலும் முள் இடம் கொடுக்க வேண்டும் அல்லவா?

ஆள் இல்லாத தூண்டிலின் இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. நம் பக்கத்து ஓடைகள் பலவும் பாண்டியாறு, புன்னம்புழா என்று பெயர் மாறிச் சாலியாற்றில் சேர்ந்து பேப்பூரில் அரபிக்கடலில் விழுகின்றன. அந்த அரபிக்கடலில்தான் நம் தமிழ்நாட்டின் பெரிய தூண்டில்காரர்கள் தொழில் செய்கிறார்கள். குருமடத்தில் எங்களோடு பயின்றவர்களில் குமரிக் கடற்கரைத் தோழர்கள் சிலர் இருந்தார்கள். மலையிலிருந்து போன எங்களுக்கு மீன் என்றால் சந்தையில் ஐஸ் பெட்டிக்குள் கிடப்பது. அவர்களுக்கோ அப்பனையும் அண்ணனையும் மாதக்கணக்கில் கொண்டுபோய்விடுவது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இரையுமன்துறை தொடங்கி நீரோடி வரை எட்டு ஊர்கள். தூத்தூர் வட்டாரம் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். கத்தோலிக்க மக்களே நிறைந்த ஊர்கள். இழுவலையை நம்பாமல் தூண்டிலை நம்பி ஆழ்கடலுக்குப் போவதில் பேர் பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு லட்சத்தீவுக்கு அப்பாலும், வடக்கே குஜராத்துக்கு நேரேயும் போய், ஒரு மாதம் நாற்பது நாள் கழித்துத் திரும்புவார்கள். 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் அந்த ஊர்கள் எத்தனை ஆண்களை இழந்தன என்பது நாடறிந்த துக்கம். அவர்கள் விடுகிற தூண்டில் நம் ஒற்றை நரம்பு போன்றதன்று. மைல் கணக்கில் நீளும் ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து கிளைக்கயிறுகள், கிளைக்கு ஒரு முள்ளாக நூற்றுக்கணக்கான முட்கள். கடலில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து இழுப்பார்கள். நம் இராத்தூண்டிலின் கதைதான், பல நூறு மடங்கு பெரிதாக.

அவர்களுக்கு வேண்டியவை சூரையும் கேரையும் சுறாவும். ஆனால் முள்ளுக்கு அது தெரியாது, ஆமையும் மாட்டும். கடல் ஆமைகள் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. சுறாவிலும் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. உடலின் நீளத்துக்கு வாலும் நீண்ட ஒரு சுறா இனம் உண்டு. அது மாட்டினால் கப்பலில் வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும் என்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010ஆம் ஆண்டிலேயே விதி செய்தது. 2015இல் நம் அரசு சுறாத்துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. தூத்தூர்க்காரரின் வருமானத்தில் அது விழுந்த அடி. விட்டுவிடு என்று சட்டம் சொல்லலாம்; இரைப்பையில் முள் ஏறிய பிராணியைக் கடலில் விட்டால் அது பிழைக்குமா என்பது முள்ளின் உருவத்தைப் பொறுத்தது.

இதை வெறும் வாய்ப்பேச்சாக விடாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வட அட்லாண்டிக் கடலில் வாள்மீன் பிடிக்கும் அமெரிக்கப் படகுகளில் 2002ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய சோதனை நடந்தது. வழக்கமான முள்ளில் கணவாய் குத்திப் போடுவது அவர்கள் வழக்கம். அதற்குப் பதில் பெரிய வட்ட முள்ளில் அயிலை இனத்து மீனைக் குத்திப் போட்டார்கள். பெருந்தலை ஆமை மாட்டுவது ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. ஏழுவரி ஆமை மாட்டுவது ஏறக்குறைய 65 சதவீதம் குறைந்தது. இரையை மாற்றியதற்கும் இதில் பங்குண்டு. கணவாய் ரப்பர் போல இழுபடும். ஆமை அதைக் கடிக்க முடியாமல் முள்ளோடு முழுதாக விழுங்கிவிடும். மீனானால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்னும். 2004இல் அமெரிக்க அரசு அந்தத் தொழிலில் வட்ட முள்ளைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனத்தார் லட்சத்தீவுக் கடலில் இரண்டு வகை முட்களையும் போட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

மீனைக் காப்பாற்றப் போனால் மீனவன் பட்டினி கிடக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் இல்லாமல் எந்தப் படகோட்டியிடமும் வட்ட முள்ளைப் பற்றிப் பேசக் கூடாது. வட பசிபிக் கடலில் ஹாலிபட் என்ற பெரிய தட்டைமீனைப் பிடிக்கிறவர்கள் 1980களின் தொடக்கத்தில் ஆமைக்காகவோ சட்டத்துக்காகவோ அல்லாமல் தங்கள் லாபத்துக்காகவே வட்ட முள்ளுக்கு மாறினார்கள். முள் ஒன்றுக்குக் கிடைத்த மீன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காரணம் எளிது: தாடை மூலையில் மாட்டிய மீன் நெடுநேரம் கிடந்தாலும் கழன்று போவதில்லை. எனினும் எல்லா மீனுக்கும் இப்படியே என்று சொல்லிவிட முடியாது. மீனின் வாயமைப்பையும் இரையையும் பொறுத்து, வட்ட முள்ளால் வரவு குறைந்த இடங்களும் உண்டு. சுறாவிடம் இன்னொரு விசித்திரம். வழக்கமான முள்ளை விழுங்கிய சுறா நரம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டு ஓடிவிடும். வட்ட முள்ளில் நரம்பு பல்லுக்கு வெளியே வந்துவிடுவதால் ஓட முடிவதில்லை. ஆகவே சில இடங்களில் வட்ட முள்ளில் சுறா அதிகமாகவே மாட்டியிருக்கிறது. ஆனால் உயிரோடு மாட்டியிருக்கிறது. விட வேண்டியதை விடலாம்.

புதுசு புதுசு என்கிறோமே, இந்த உருவம் ஒன்றும் புதிதன்று. ஜப்பானின் ஒகினாவாத் தீவுக் குகை ஒன்றில் நத்தை ஓட்டில் தேய்த்துச் செய்த தூண்டில் முட்களைக் கண்டெடுத்தார்கள்; வயது ஏறக்குறைய 23,000 ஆண்டுகள் என்று 2016இல் அறிவித்தார்கள். பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும் செய்த முட்களில் முனை உள்நோக்கி வளைந்த வட்ட வடிவங்கள் ஏராளம். எலும்பு முள் சுண்டினால் ஒடியும். மீன் தானே இழுத்து மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள் போலும். 1877இல் நார்வே நாட்டு மஸ்டாட் கம்பெனியில் முள் வளைக்கும் யந்திரம் வந்த பிறகு, உருக்குக் கம்பியில் 'ஜே' முள் மலிவாகி உலகமெங்கும் பரவியது. நம் பாட்டனார் முள் என்று நாம் உரிமை கொண்டாடுவதில் பெரும்பங்கு அந்த யந்திரத்தின் முள்தான்.

இந்த வாதங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல் என்று, பங்கைச் சேர்ந்த ஒருவருடைய குட்டையில் இளையோரும் நாமுமாக மூன்று மாலை உட்கார்ந்து பார்த்தோம். கணக்குச் சொல்லும் அளவுக்கு அது பெரிய சோதனையன்று. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. தக்கை அமிழ்ந்ததும் சுண்டிப் பழகிய கை வட்ட முள்ளில் மீனைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தது. நம்மோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், முழங்கால் வலியால் சுண்டுவதை விட்டே பல வருடம் ஆனவர், கம்பைச் சும்மா சாய்த்துப் பிடித்துக்கொண்டு நரம்பு இறுகும் வரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வட்ட முள்ளில் அன்று அதிக ஜிலேபி மீன் எடுத்தவர் அவரே. "இந்த முள்ளுக்குச் சோம்பேறிதான் தோது சாமி" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் அந்த முள்ளை விளக்கியதில்லை.

ஆகவே நம் தீர்ப்பை இப்படிச் சொல்கிறோம். இராத்தூண்டில் கட்டுகிறவர்கள், கம்பைக் கரையில் ஊன்றிவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள், விரால், கெளுத்தி, விலாங்கு போன்று முழுதாய் விழுங்கும் மீனுக்குப் போடுகிறவர்கள் வட்ட முள்ளுக்கு மாறிவிடுங்கள். அங்கே வழக்கமான முள்ளுக்காகப் பேச ஒன்றுமில்லை. மீனும் உயிரோடு கிடைக்கும். விடியற்காலையில் செத்து ஊறிய கெளுத்திக்கும் துள்ளும் கெளுத்திக்கும் குழம்பில் உள்ள வேறுபாட்டை வீட்டுத் தாய்மார்கள் சொல்வார்கள். கையில் கம்பைப் பிடித்து, கண்ணைத் தக்கையில் வைத்து, ஒரு துண்டு மண்புழுவில் சிறு கெண்டை பிடிக்கிற சிறுவர்களும் தாத்தாமாரும் பழைய முள்ளையே வைத்துக்கொள்ளலாம். சின்ன வட்ட முள்ளில் புழுவைக் கோப்பது பெரும்பாடு. முனைக்கும் தண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை இரை அடைத்துவிட்டால் அந்த முள் பிடிக்கவே பிடிக்காது. 1907 முதல் அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிக்கிறார்களே, அந்த மீனுக்கு இறகில் பூச்சி கட்டிப் போடுகிறவர்களுக்கும் இந்த வழக்கு பொருந்தாது. இறகை எந்த மீனும் விழுங்கிக்கொண்டு இருப்பதில்லை. உடனே துப்பிவிடும், அதற்குள் சுண்டியாக வேண்டும்.

பழைய முள்ளை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முனைக்கு அருகில் மீன் கழலாதபடி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கழன்றுவிடும் என்று பயப்பட வேண்டாம், நரம்பைத் தளர விடாமல் இழுத்தால் போதும். மினிக்காய்த் தீவில் கம்பும் தூண்டிலுமாகச் சூரை பிடிக்கிறவர்கள் எதிர்முள்ளே இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்துகிறார்கள். மீனைத் தலைக்கு மேல் வீசிப் படகில் போட்டதும் அது தானே கழன்றுவிடும். கை அடுத்த மீனுக்குப் போய்விடும். குழந்தையின் விரலில் முள் ஏறினாலும் எதிர்முள் இல்லாவிட்டால் வந்த வழியே எடுத்துவிடலாம்.

வட்ட முள் வாங்குகிறவர்கள் கடையிலேயே அதை மேசைமீது படுக்க வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படிய வேண்டும். முனையைப் பக்கவாட்டில் முறுக்கிச் செய்ததும் உண்டு. முறுக்கு அதிகமானால் அது தொண்டையிலேயே குத்தும், பெயர்தான் வட்ட முள்ளாக இருக்கும். எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். வழக்கமான முள்ளில் நீங்கள் வாங்கும் அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள், வாய் குறுகலாக இருப்பதால். துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம். எந்த முள்ளானாலும் சில சமயம் மீன் ஆழமாக விழுங்கத்தான் செய்யும். அப்போது குச்சியை விட்டுக் குடைந்து எடுக்காமல் நரம்பை வாயருகே அறுத்து விட்டுவிட்டால் அது பிழைக்க வழியுண்டு. சாதாரண உருக்கு நாளடைவில் துருவேறி உதிரும். மற்றது அப்படியே கிடக்கும்.

மோயாற்றுப் பக்கம் போகிறவர்கள் சிலர் இங்கே இருப்பதாகத் தெரியும். திமில் போல முதுகு உயர்ந்த பெரிய கெண்டை அந்த ஆற்றில் உண்டு. காவேரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். மிக அருகிவிட்டதென்று 2018இல் உலகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். முதுமலைக் காட்டு எல்லைக்குள் தூண்டில் போடுவதே குற்றம் என்பதால், அங்கே எந்த முள் நல்லது என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லப் போவதில்லை.

வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் குட்டைக்கரையில் இளையோருக்குப் பழக்கம் நடக்கும். இரண்டு வகை முள்ளும், ஒரு குறடும் நாம் கொண்டுவருவோம்; புழு உங்கள் பொறுப்பு. அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். அந்த வழியாகத்தான் காலையில் நம் பெண்கள் கொழுந்தெடுக்க நடந்து போகிறார்கள். ஐந்தரை மணிக்கு மணி அடித்ததும், தக்கை அமிழ்ந்துகொண்டிருந்தாலும் சரி, எல்லாரும் கரையேறிவிட வேண்டும். போன வாரம் பலாமரத்தடியில் நின்ற ஒற்றைக்கொம்பன் இன்னும் தோட்டத்தை விட்டுப் போகவில்லையாம்.